ஏழாவது ஷரத்துக்கு ஓர் ஆள்

நண்டுமேட்டுக்கும் பீதலதிப்பாவுக்கும் சண்டை பதினோரு வருஷம் நடந்தது. பழவேற்காட்டு ஏரியில் நண்டுமேடு தமிழ்நாட்டுப் பக்கம், பீதலதிப்பா ஆந்திரப் பக்கம். தெலுங்கில் பீதலதிப்பா என்றாலும் நண்டுமேடுதான். இரண்டு ஊருக்கும் பேர் ஒன்று, கும்பிடும் அம்மன் ஒன்று, ஒரு காலத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுத்ததும் உண்டு. நடுவில் இறால் ஓடுகிற இடம் ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் சண்டை. இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பத்தேழு மண்டை உடைந்தது. நாலு படகு எரிந்தது. ஒருத்தனுக்கு ஒரு கண் போனது.

போன வாரம் செவ்வாய்க்கிழமை சுண்ணாம்புக்குளத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் சமாதானம் ஆனது. ஒப்பந்தம் எழுதியவர்களுக்கு நேரம் போதவில்லை. எங்கேயோ முப்பது வருஷம் அடித்துக்கொண்ட பக்கத்துப் பக்கத்து நாடுகள் இரண்டு செய்துகொண்ட ஒப்பந்தத்தை எடுத்து, நாட்டுப் பேர்களை அடித்துவிட்டு ஊர்ப் பேர்களைப் போட்டார்கள். மீதியை அப்படியே விட்டுவிட்டார்கள். அதனால் இரண்டாவது ஷரத்துப்படி நண்டுமேடு இனிமேல் பீதலதிப்பாவின் மேல் போர் விமானம் ஓட்டாது. "ஓட்ட மாட்டோம்" என்று நண்டுமேட்டுத் தலைவர் லோகநாதன் நெஞ்சைத் தொட்டுச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நாலாவது ஷரத்து, கனரக ஆயுதங்களை எல்லையிலிருந்து பத்துக் கிலோமீட்டர் பின்னால் கொண்டுபோக வேண்டும் என்றது. இரண்டு ஊரிலும் மண்டையை உடைத்தது படகு தள்ளும் கோல்தான். ஏரி ஆழமில்லை, அடியெல்லாம் சேறு. பதினைந்தடிக் கோலை ஊன்றித்தான் படகைத் தள்ள வேண்டும். கோல் ஆயுதம், அதுவும் கனம் என்று முடிவானது. நண்டுமேடு மொத்தமே ஒரு கிலோமீட்டர் நீளம். எனவே கோல்களை டிராக்டரில் ஏற்றிக் காட்டூருக்கு அனுப்பினார்கள். அங்கே நெல் பயிரிடும் தனக்கோடி என்கிற அம்மாள் அவற்றைத் தன் கொட்டகையில் அடுக்க இடம் கொடுத்தாள். மறுநாளே நல்ல கோலாகப் பன்னிரண்டு எடுத்துப் புடலைப் பந்தல் போட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு ஊரிலும் படகு நகரவில்லை. ஆட்கள் படகின் இரு பக்கமும் சாய்ந்து, சோற்றுத் தட்டாலும் குண்டான் மூடியாலும் தண்ணீரைத் தள்ளினார்கள். அடித்துக்கொள்ள வேண்டுமென்றால் முதலில் எதிராளியை எட்ட வேண்டும். யாராலும் யாரையும் எட்ட முடியவில்லை. சமாதானம் நன்றாக நிலைத்தது.

ஒப்பந்தத்தில் உருப்படியாக இருந்தது ஐந்தாவது ஷரத்து மட்டும்தான். இறால் இடம் ஒரு வாரம் இவர்களுக்கு, ஒரு வாரம் அவர்களுக்கு. இந்த வாரம் நண்டுமேட்டுக்கு.

இளவரசிக்கு இதில் ஒரே ஒரு கவலைதான் இருந்தது. அவள் புருஷன் சம்பந்தம் பீதலதிப்பாவில் கைதியாக இருந்தான். சமாதானத்துக்கு நாலு நாள் முன்னால் அவனைப் படகோடு பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். வருகிற வெள்ளிக்கிழமை அவனுடைய பாடு.

பாடு என்றால் முறை. இறால் இடம் யாருக்கும் சொந்தமில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டு, குடும்பத்துக்கு ஒரு நாள். அந்த நாளில், சூரியன் முழுசாகத் தண்ணீரை விட்டு எழும்புவதற்குள், பேருக்கு உரியவன் தானே வந்து நின்று வலையின் முதல் கம்பை ஊன்ற வேண்டும். அண்ணன் ஊன்றினால் செல்லாது, மச்சான் ஊன்றினால் செல்லாது, பெண்டாட்டி ஊன்றினால் சிரிப்பார்கள். தவறினால் பாடு அடுத்தவனுக்கு. தொடர்ந்து மூன்று பாடு தவறினால் பட்டியலில் பேரையே அடித்துவிடுவார்கள். சம்பந்தத்துக்கு ஏற்கெனவே இரண்டு போயிருந்தது. ஒரு முறை மஞ்சள் காமாலை, ஒரு முறை சண்டை. இரண்டுக்கும் விலக்குக் கிடையாது. இந்த வெள்ளிக்கிழமையும் போனால் அவன் சாகிற வரைக்கும் அடுத்தவன் வலை இழுக்கும் கூலி. அவனோடு சேர்ந்து அவளும்.

புதன்கிழமை காலையில் இளவரசி லோகநாதன் வீட்டு வாசலில் போய் நின்றாள். அங்கே பழவேற்காட்டு இறால் வியாபாரி கௌஸ் மைதீன் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். இரண்டு ஊரிலும் சரக்கு எடுப்பவர். பதினோரு வருஷமும் இரண்டு ஊரிலும் டீ குடித்தவர் அவர் ஒருத்தர்தான்.

"மாமா, நாளன்னிக்கு எம் புருஷன் பாடு. இன்னா பண்ணப் போற?"

"நான் இன்னாம்மா பண்றது? ஏழாவது ஷரத்து இன்னா சொல்து தெரியுமா ஒனக்கு?"

"எனக்கு இன்னாத்துக்குத் தெரியணும்? நீதான கையெழுத்து போட்ட."

லோகநாதன் உள்ளே போய் ஒப்பந்தத்தை எடுத்து வந்தார். மழையில் நனையாமல் இருக்க லேமினேட் செய்திருந்தார். விரல் வைத்துப் படித்தார்: "இரு தரப்பினரும் தம் வசமுள்ள கைதிகளை ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில் பரிமாறிக்கொள்வர்."

"சரி, பரிமாறு."

"அவுங்க ஒருத்தன குடுத்தா நாம ஒருத்தன குடுக்கணும். நம்மகிட்ட ஆளு ஏது?"

"சும்மா அனுப்பச் சொல்லு. இன்னா, கறி போட்டுத் திங்கவா வெச்சிருக்கானுங்க?"

"கேட்டேம்மா. சும்மா அனுப்புனா மீறல் ஆயிடும், கையெழுத்து போட்டுட்டு மீற மாட்டோம்னு சொல்றானுங்க. பதினோரு வருஷமா ஒரு சொல்லக் காப்பாத்தாதவனுங்க. இப்ப வந்துட்டானுங்க யோக்கியனுங்க."

"அப்ப நீயும் ஒருத்தனப் புடி."

"புடிச்சா மூணாவது ஷரத்து போச்சு. சண்டதான்."

"சண்ட நடக்கும்போதாவது ஒருத்தனப் புடிச்சு வெச்சிருக்கக் கூடாதா? பதினோரு வருஷம் இன்னாத்த கிழிச்சீங்க?"

லோகநாதன் கழுத்தைச் சொறிந்தார். "ரெண்டு பேரப் புடிச்சோம். ரொம்ப சாப்ட்டானுங்க. விட்டுட்டோம்."

கௌஸ் மைதீன் பீடியை அணைத்தார். "தலைவரே, இதுக்கு ஏன் பேஜாரு? அவுங்ககிட்டயே ஒரு ஆளக் கைமாத்தாக் கேட்டுப் பாக்கலாமே. இன்னிக்கு வந்து நம்மகிட்ட கைதியா இருக்கட்டும். நாளைக்கு மாத்திக்கலாம்."

"குடுப்பானுங்களா பாய்?"

"இன்னாத்துக்குக் குடுக்க மாட்டாங்க? அவுங்களுக்கும் சோறு செலவாவுதுல்ல."

அன்று மத்தியானமே கைதி வந்துவிட்டான். கௌஸ் மைதீனின் படகில் இன்ஜின் இருந்தது. இன்ஜினைப் பற்றி ஒப்பந்தம் ஒன்றும் சொல்லவில்லை. வந்தவன் பேர் போலய்யா, நாற்பது வயது, தோளெல்லாம் கோல் பிடித்த காய்ப்பு. பாய், போர்வை, சோப்பு டப்பா எல்லாம் கொண்டுவந்திருந்தான். கரையில் இறங்கி, "நான்தான் கைதி. எங்க படுக்கணும்?" என்று கேட்டான்.

பாடு யாருடையதோ கைதியும் அவர்களுடைய பொறுப்பு என்று இளவரசி வீட்டுக்கே அனுப்பினார்கள். கூடவே வந்த லோகநாதன் எட்டாவது ஷரத்தைப் படித்துக் காட்டினார். கைதிக்கு மூன்று வேளை உணவு தர வேண்டும். தகுந்த ஓய்வு தர வேண்டும். கைதியிடம் எந்த வேலையும் வாங்கக் கூடாது.

போலய்யா கையில் பிடித்த சோற்றுருண்டையோடு நிமிர்ந்தான். "அண்ணா, இன்னொரு வாட்டி படிங்க."

லோகநாதன் படித்தார்.

"எந்த வேலையுமா?"

"எந்த வேலையும்."

"தண்ணி மொண்டு குடிக்கறது?"

"அது வேலையா இல்லியான்னு இதுல இல்ல. எதுக்கும் இளவரசியே குடுக்கட்டும்."

போலய்யா சாப்பிட்டான், படுத்தான், வெளிச்சத்திலேயே குறட்டை விட்டான். வேலி ஓரமாக நின்று ஆம்பிளைகள் பார்த்தார்கள். ஒன்பது பத்து வயதில் கோலைத் தொட்டவர்கள். காய்ச்சல் வந்தால் மட்டும் படுத்தவர்கள். நடுப்பகலில் உடம்பு நன்றாக இருக்கிற ஒருத்தன் பாயில் கிடப்பதைப் பார்த்தது அவர்களுக்கு இதுதான் முதல் தடவை. சாயங்காலத்துக்குள் லோகநாதன் வீட்டில் ஆறு பேர் வந்து விசாரித்துவிட்டார்கள். அடுத்து கைதிக்கு ஆள் எப்போது எடுப்பார்கள்? பேரை இப்போதே கொடுத்து வைக்கலாமா? பக்கத்து வீட்டு முனியன் ஒரு படி மேலே போனான். "எனக்கு வேலூர்ல கூட ஒரு சண்ட இருந்தா பரவால்ல தலைவரே. எங்க வேணா போறேன்."

இளவரசி கைதிக்கு நண்டுக் குழம்பு வைத்தாள். நாளைக்கு ஒப்பந்தத்தைக் கண்காணிக்கிற அதிகாரி வந்து உடம்பைப் பார்ப்பாராம். அவன் இளைத்துவிடக் கூடாது என்கிற பயம் அவளுக்கு. அவள் வீட்டில் ஆம்பிளைக்கு இரண்டாவது தடவை குழம்பு ஊற்றியது அந்த ஒரு நாள்தான்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் கண்காணிப்புக் குழு அதிகாரி வித்யா வந்தாள். ஆரஞ்சு மிதவைச் சட்டை, கையில் டேப்லெட். ஏரி நடுவில் இரண்டு ஊர்ப் படகையும் சேர்த்துக் கட்டி நிறுத்துவது என்று ஏற்பாடு. பீதலதிப்பாப் படகு தட்டாலேயே தள்ளிக்கொண்டு வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. அதில் சம்பந்தம் உட்கார்ந்திருந்தான். இளவரசிக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. கன்னம் நிரம்பியிருந்தது. தலையில் எண்ணெய், முகத்தில் பவுடர். கக்கத்தில் யாருடையதோ தலையணை.

வித்யா டேப்லெட்டைப் பார்த்தாள். "ஒன்பதாவது ஷரத்து. யாரையும் அவங்க விருப்பத்துக்கு மாறா திருப்பி அனுப்பக் கூடாது. ரெண்டு பேரையும் கேக்கணும். போலய்யா, நீங்க சொந்த விருப்பத்துலதான் போறீங்களா?"

"லேதும்மா," என்றான் போலய்யா. "போவல."

படகு ஆடியது. "டேய்!" என்றார் லோகநாதன். "ஒன்னக் கைமாத்து வாங்கிக்கினு வந்தோம்டா!"

"நைனா செத்தப்பக்கூட நான் சாயங்காலம் படகு தள்ளினேண்ணா. நேத்து மத்தியானம் படுத்தேன். மத்தியானத்துல காத்து எப்டி வருது தெரியுமா? நாப்பது வருஷமா இந்தக் காத்து இங்கதான் இருந்துக்குது, எனக்குத் தெரியவே இல்ல. மேடம், சொந்த விருப்பம்னு கேட்டீங்க. சொல்லிட்டேன்."

வித்யா எதையோ அழுத்தினாள். "சம்பந்தம், நீங்க?"

சம்பந்தம் பெண்டாட்டியைப் பார்த்தான். பிறகு வானத்தைப் பார்த்தான். "நாளைக்கு எத்தினி மணிக்கு வரணும்?"

"எத்தினி மணிக்கா?" என்றாள் இளவரசி. "பாடு எத்தினி மணிக்குன்னு ஒனக்குத் தெரியாது?"

"இல்ல, அங்க ஏழு மணிக்குத்தான் எழுப்புவாங்க. டீயோட."

இளவரசி படகில் கிடந்த அலுமினியத் தட்டைக் கையில் எடுத்தாள். 

"வரேன் மேடம்," என்றான் சம்பந்தம் அவசரமாக. "சொந்த விருப்பம்."

"ஆனா கணக்கு உதைக்குதே," என்றாள் வித்யா. "அங்கேருந்து ஒருத்தர் வந்தா இங்கேருந்து ஒருத்தர் போகணும். ரெண்டு கட்டமும் நிரம்பினாத்தான் படிவம் போகும். அடுத்த பரிமாற்றத் தேதி பதினஞ்சு நாள் கழிச்சு."

 கோல் இல்லாத படகுகள் இரண்டும் சேற்றுத் தண்ணீரில் மெதுவாகச் சுற்றின. இளவரசி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பீதலதிப்பாப் படகுக்குள் காலை வைத்தாள்.

"நீங்க எங்க போறீங்க?" என்றாள் வித்யா.

"கைதியா."

"நீங்க நண்டுமேடாச்சே. அவங்க ஆளைத்தானே அவங்ககிட்ட குடுக்கணும்?"

"அதுல ஊர் கேட்டுக்குதா பாரு."

வித்யா மேலும் கீழும் விரலால் தள்ளிப் பார்த்தாள். பேர், வயது, ஆணா பெண்ணா, உடல்நிலை. அவ்வளவுதான். "கேக்கல," என்றாள். அவளுக்கே கொஞ்சம் சந்தோஷம் வந்ததுபோல் இருந்தது.

"அப்ப எழுது. இளவரசி, முப்பத்தெட்டு. ஒடம்பு நல்லாத்தான் கீது."

திரையில் பச்சை விழுந்தது. கடைசிக் கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. ஒப்பந்தம் செயல்படுகிறதா? ஆம், இல்லை, ஓரளவு. லோகநாதன், "சூப்பராச் செயல்படுது மேடம்" என்றார். பீதலதிப்பாக்காரர்கள் தலையாட்டினார்கள். வித்யா 'ஆம்' போட்டாள்.

இளவரசியைப் போலய்யாவின் வீட்டில்தான் வைத்தார்கள். அவன் பெண்டாட்டி திரௌபதி வாசலிலேயே கேட்டாள். "ஒங்க ஊட்டுக்காரரு எங்க தலவாணிய எடுத்துக்கினு போய்ட்டாரு, பாத்தியா?"

"பாத்தேன்."

"ஒரு நாளைக்கு அஞ்சு டீ அவருக்கு. பதிமூணு நாளு. எங்க ஆளு எப்டிக் கீறாரு?"

"தூங்கறாரு."

 "தூங்கட்டும் போ," என்றாள் திரௌபதி.

வெள்ளிக்கிழமை விடியும்போது இளவரசி திப்பாவின் மேட்டில் நின்றிருந்தாள். கிழக்கே தண்ணீர் வெளுத்துவிட்டது. இறால் இடம் அங்கிருந்து தெளிவாகத் தெரிந்தது. நண்டுமேட்டிலிருந்து மணல்திட்டு ஓரமாக இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தே வந்துவிடலாம். படகில் லோகநாதன் பட்டியலோடு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் தண்ணீரில் முனியன் கம்போடு நின்றான். சம்பந்தத்துக்கு அடுத்த பேர் அவனுடையது. சம்பந்தத்தைக் காணோம்.

"எழுந்திருக்கல," என்றாள் இளவரசி.

"ஏழு மணிக்குத்தான எழுந்திருப்பாரு," என்றாள் திரௌபதி.

சூரியனின் நெற்றி தெரிந்தது. இளவரசி கூப்பிட்டாள். முனியன் திரும்பிப் பார்த்தான், லோகநாதன் திரும்பிப் பார்த்தார், கையை விரித்தார். தலைவர் போய் எழுப்புவது முறையில்லை. முனியன் போய் எழுப்ப அவனுக்கென்ன பைத்தியமா? அவள் குரல் இறால் இடம் வரைக்கும் எட்டியது, ஊர் வரைக்கும் எட்டவில்லை. அவள் தண்ணீரில் இறங்கப் போனாள். திரௌபதி முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"கைதி ஓடிப்போனா மீறல்க்கா. மறுபடி ஆரம்பிச்சிடுவானுங்க."

"பேரு போயிடுமேடி! சூரியன் வந்துடுச்சி பாரு!"

திரௌபதி சூரியனைப் பார்த்தாள். கரையில் இழுத்துவிட்டிருந்த படகிலிருந்து ஒரு தட்டையும் கரண்டியையும் எடுத்தாள். அடித்தாள். அடுத்த வீட்டுக்காரி என்ன ஏது என்று கேட்காமல் வெளியே வந்து குண்டான் மூடியை அடித்தாள். பிறகு எல்லோரும் அடித்தார்கள். பீதலதிப்பா முழுக்கத் தட்டுச் சத்தம். பதினோரு வருஷம் நண்டுமேட்டின் மேல் படையெடுக்கும்போதெல்லாம் அவர்கள் அடித்த அதே அடி.

நண்டுமேடு முழுசாக எழுந்தது. கோவணத்தோடும் லுங்கியோடும் ஆம்பிளைகள் கத்திக்கொண்டு தண்ணீரில் விழுந்தார்கள். எல்லோருடைய கையும் கூரை இறவாணத்தில் கோலைத் தேடியது. கோல் காட்டூரில் புடலை சுமந்துகொண்டிருந்தது. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ஒருத்தன் துடைப்பம், ஒருத்தன் குடை. சம்பந்தம் தூக்கம் கலையாமலே ஓடிவந்தான். அவன் வீட்டு இறவாணத்தில் நீளமாக இருந்த ஒரே பொருள் பாடு நாளுக்கென்று எடுத்து வைத்திருந்த கம்புதான். அதைத் தலைக்கு மேல் ஓங்கிக்கொண்டு, "எவன்டா அவன்!" என்று அலறியபடி இறால் இடத்துக்கு வந்து சேர்ந்தான். அங்கே எவனும் இல்லை. முனியன்தான் நின்றான்.

"ஊன்றா அத்த!" என்று மேட்டிலிருந்து பெண்டாட்டியின் குரல் வந்தது. "கீழ ஊன்றா!"

அவள் அவனை 'டா' போட்டுக் கூப்பிட்டது கல்யாணமாகி இருபது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அவன் ஊன்றினான். இரண்டு கையாலும் சேற்றுக்குள் அழுத்தி, மேலே தொங்கி, இன்னும் அழுத்தினான். சூரியனின் அடி விளிம்பு அப்போதும் தண்ணீரில் ஒட்டிக்கொண்டிருந்தது. லோகநாதன் கையை நெற்றியில் வைத்துப் பார்த்து, பட்டியலில் ஒரு கோடு போட்டார்.

"ச்சே," என்றான் முனியன், தன் கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு. "இன்னும் ரெண்டு நிமிசம்."

தட்டுச் சத்தம் நின்றது. சண்டைக்கு ஓடிவந்தவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் குடையோடும் துடைப்பத்தோடும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

ஒன்பது மணிக்கு இறால் வந்தது. மழைத் தண்ணீர் இறங்கியிருந்ததால் வெள்ளை இறால், விரல் நீளம். சம்பந்தம் வலையைத் தூக்கும்போது வெயிலில் மினுங்கியது மேட்டிலிருந்தே தெரிந்தது. அவன் கையை ஆட்டினான். "வா! முடிஞ்சிச்சி, வந்துடு!"

"மாத்துக்கு ஆளு இல்லியே!" என்று இளவரசி கத்தினாள். "பதினஞ்சு நாளு!"

அவன் என்னவோ சொன்னான். கேட்கவில்லை. அவன் இறாலை வகை பிரிக்காமல் பெரியதும் சிறியதும் ஒன்றாகவே கூடையில் கொட்டுவதை அவள் பார்த்தாள். பார்க்க முடியாமல் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தாள்.

திரௌபதி டீ கொடுத்தாள். இளவரசி குடித்தாள். தம்ளரைக் கழுவ எழுந்தாள், திரௌபதி பிடுங்கிக்கொண்டாள். பாய் விரித்திருந்தது. படுத்தாள். காற்று வந்தது, போலய்யா சொன்ன காற்று. நன்றாகத்தான் இருந்தது. அதை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. எழுந்து உட்கார்ந்தாள். மூலையில் திரௌபதி நேற்று கரையோரச் சேற்றில் கையால் தடவிப் பிடித்த இறால் ஒரு கூடை ஐஸில் கிடந்தது, இன்னும் பிரிக்காதது. நகர்ந்து நகர்ந்து கூடையின் பக்கம் போனாள். கை தானாக உள்ளே போனது. பெரியது இந்தப் பக்கம், சிறியது அந்தப் பக்கம், தலை நசுங்கியது தனியாக.

"அய்யோ, கீழ போடுக்கா!" திரௌபதி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "கைதிய வேல வாங்குனோம்னு ஆயிடும். யாராவது பாத்தா சண்ட வந்துடும்!"

இளவரசி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திரௌபதி அவளைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள். பழவேற்காட்டு பாயின் படகு இன்ஜின் சத்தம் தூரத்தில் கேட்டது. சரக்கெடுக்க வருகிறார்.

இளவரசியின் கை மறுபடி கூடைக்குள் போனது.

 திரௌபதி வெளியே போய், வாசலை மறைத்து, வெளிப்பக்கம் பார்த்து நின்றுகொண்டாள்.